எண்ணெய் போடாதீர்கள்

மேசையில் விரித்த திரைச்சீலைத் துணியில் சாக்கட்டியால் கோடு போட்டு, கத்தரியை வைத்துப் பாதி தூரம் வெட்டியிருந்தபோது கம்ஷத்தின் மேலங்கிப் பைக்குள் செல்பேசி அதிர்ந்தது. வேலை நடுவே அதை எடுப்பது அவள் வழக்கமில்லை. ஆனால் நேற்றிலிருந்தே இந்த ஒரு செய்திக்காகக் காத்திருந்தாள். ஒரு கையில் கத்தரியோடு மறு கையால் எடுத்துப் பார்த்தாள். கரகந்தாவிலிருந்து வதீம் எழுதியிருந்தார். டிக்கெட் எடுத்தாயிற்று, சனிக்கிழமை காலை ரயில், மூன்று பேர் வருகிறோம், ஊஞ்சலிடம் எங்கள் வணக்கத்தைச் சொல்லி வையுங்கள். கம்ஷத் இரண்டு முறை படித்தாள். கத்தரி கோட்டை விட்டு விலகி, துணியின் ஓரத்தில் மீன்வால் போல ஒரு வளைவு போட்டுவிட்டு நின்றது. எதிரே நின்ற வாடிக்கையாளர் பெண் துணியைப் பார்க்கவில்லை, கம்ஷத்தின் முகத்தைத்தான் பார்த்தாள். நல்ல செய்தியா என்று கேட்டாள். வெளியூரிலிருந்து விருந்தாளிகள் வருகிறார்கள் என்றாள் கம்ஷத். சொந்தமா என்று அவள் விடாமல் கேட்க, கம்ஷத் கொஞ்சம் யோசித்து, தூரத்துச் சொந்தம் என்றாள். பிறகு வெட்டுப்பட்ட துணியைச் சுருட்டிக் கீழே தள்ளிவிட்டு, புதுத்துண்டை விரித்தாள். ஏரிக்கரை ஊரான பல்காஷின் சந்தையில் கடை போட்டு இத்தனை வருஷத்தில் அவள் துணியைக் கோணலாக வெட்டியது அதுதான் முதல் தடவை.

வருகிறவர்களை அவள் நேரில் கண்டதில்லை. ஆனால் வதீமுக்கு முழங்கால் வலி எப்போது தொடங்கியது என்று அவளுக்குத் தெரியும். பல் டாக்டர் தொல்கனாய் எந்த நோயாளியின் நாற்காலி கிறீச்சிடுவதைக் கேட்டு வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தாள் என்பதும் தெரியும். எல்லாம் டெலிகிராமில் கம்ஷத் தொடங்கிய சேனல் வழியாக வந்த பழக்கம். சேனலின் பெயர் ‘எண்ணெய் போடாதீர்கள்’. அடுக்குமாடி வீடுகளின் முற்றங்களில் நிற்கும் பழைய இரும்பு ஊஞ்சல்களின் சத்தத்தைப் பதிவு செய்து போடுவது, கூடவே நாலு வரி எழுதுவது, அவ்வளவுதான் அதன் வேலை. முதலில் அவளும் இன்னும் ஆறேழு பேரும் மட்டும் இருந்தார்கள். இப்போது தொள்ளாயிரம் பேரை நெருங்கிவிட்டது. ஓஷ் நகரத்திலிருந்து ஒருவர் மழைக்குப் பிந்தைய ஊஞ்சல்களை மட்டும் அனுப்புவார். தாஷ்கந்துப் பெண் ஒருத்தி இரட்டை ஊஞ்சல்களில் மட்டுமே ஆர்வம் உள்ளவள், ஒற்றை ஊஞ்சலைத் தனிமனித வழிபாடு என்று திட்டுவாள். பனியில் உறைந்த கீலின் குரல் உயர்ந்ததா, கோடையில் காய்ந்த கீலின் குரல் உயர்ந்ததா என்று போன மாதம் நடந்த சண்டையில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறி, மறுநாளே திரும்பி வந்தார்கள். இந்தக் குளிர்காலத்தின் சிறந்த குரல் எது என்று வாக்கெடுப்பு வைத்தபோது, கம்ஷத்தின் சொந்த முற்றத்து ஊஞ்சல் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. சேனலின் தலைவி தன் ஊஞ்சலையே போட்டிக்கு நிறுத்தியது நியாயமா என்று ஒரு புகார் எழுந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஊஞ்சல் மேலே போகும்போது ‘ங்கீ’ என்று ஒரு சின்னக் கேள்வி கேட்கும். உச்சியில் ஒரு மூச்சு நேரம் பேசாது. இறங்கும்போது ‘யா...வ்’ என்று நீட்டி, தான் கேட்ட கேள்விக்குத் தானே அலுப்போடு பதில் சொல்லும். அந்த நடுவிலுள்ள மௌனம்தான் விசேஷம் என்று வதீம் எழுதியிருந்தார். நாள் முழுக்கப் பேருந்து ஓட்டுகிற மனுஷன், இரைச்சலின் நடுவே இருந்துகொண்டு அந்த மௌனத்தைப் பிடித்துவிட்டார் என்பதில் கம்ஷத்துக்கு அப்படியொரு பெருமை.

அன்று மாலை பேருந்தில் வீடு திரும்பும்போது வீட்டை எப்படி ஒழுங்கு செய்வது, பவுர்சாக் உருண்டைகளை எவ்வளவு மாவுக்குப் பொரிப்பது, புகையிட்ட மீனை ரயில் நிலையத்தில் வாங்குவதா சந்தையில் வாங்குவதா என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். கணவன் மக்சுத்திடம் யார் வருகிறார்கள் என்று என்ன சொல்வது என்பது மட்டும் பிடிபடவில்லை. சேனலைப் பற்றி அவனிடம் அவள் சொன்னதே இல்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. ஊஞ்சல் சத்தத்தைப் பதிவு செய்கிறேன் என்று செம்பு ஆலையில் கிரேன் ஓட்டிவிட்டு வரும் ஒருவனிடம் எந்த வாக்கியத்தில் தொடங்குவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

அப்போது இன்னொரு அதிர்வு. இது கட்டடத்து வாட்ஸ்அப் குழு. வெந்நீர் வரவில்லை, மாடிப்படியில் பூனை, யார் வண்டி வழியை மறைக்கிறது என்று எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும் குழு. இரண்டாம் மாடி சிம்பத் எழுதியிருந்தாள். அவளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்து மூன்று மாதம் ஆகிறது. ஊஞ்சல் சரியாக அவள் ஜன்னலுக்குக் கீழே. பிள்ளைகள் கண் மூடுகிற நேரம் பார்த்து யாராவது ஆடுகிறார்கள், தயவு செய்து எண்ணெய் போட முடியுமா என்று கேட்டிருந்தாள். கட்டடத் தலைவி குல்பார்ஷின் உடனே பதில் போட்டுவிட்டார். சனிக்கிழமை பகலில் குழாய்க்காரர் வருகிறார், அவரே எண்ணெய் போட்டுவிடுவார், முடிந்தது.

கம்ஷத் எழுந்து நின்றுவிட்டாள். இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு இன்னும் தூரம் இருந்தது. பேருந்தில் நின்றபடியே, எண்ணெய் போட்டால் குழந்தைகளின் உடுப்பில் கறை படியும் என்று எழுதினாள். படாது என்றார் தலைவி. எண்ணெயில் தூசி ஒட்டிக் கீல் கெட்டுப் போகும் என்று எழுதினாள். கெட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றார் தலைவி. கடைசியில், துரு நோயல்ல, வயசு, அதற்கு மருந்து போட வேண்டியதில்லை என்று எழுதினாள். அதற்கு ஒருவர் கேள்விக்குறி போட்டார். அந்தச் சூடு அடங்குவதற்குள் சேனலைத் திறந்து, ஊஞ்சலின் பழைய வீடியோ ஒன்றைப் போட்டு அங்கே கொட்டித் தீர்த்தாள். நம் ஊஞ்சலுக்கு ஆபத்து என்று தொடங்கி, வீட்டுக்குள் ஓயாமல் அலறும் இரண்டு கருவிகளை வைத்துக்கொண்டு வெளியே ஒரு கீலின் முனகல் தாங்கவில்லை என்கிறாள் ஒரு தாய், என்று எழுதினாள். துரு நோயல்ல, வயசு என்ற வரி தனக்கே பிடித்துப்போயிருந்ததால் அதையும் சேர்த்தாள். இதயங்களும் முஷ்டிகளும் சிரிப்புகளும் வந்து குவிந்தன. குழாய்க்காரர் பகலில்தானே வருகிறார், நாங்கள் காலையிலேயே வந்துவிடுவோம் என்று வதீம் எழுதினார். கம்ஷத் வீட்டுக்கு நடந்து போனாள் என்பதைவிட மிதந்து போனாள் என்பதே சரி.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லாம் கவிழ்ந்தது. நான்காம் மாடியில் இருக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி எங்கேயோ சுற்றி அந்த ஊஞ்சல் வீடியோவைப் பார்த்திருக்கிறாள். பின்னால் தெரிந்த நீலச் சுவர் அவர்கள் கட்டடத்துச் சுவர். கீழே எழுத்தில் அந்தத் துரு வரி. கட்டடக் குழுவில் இணைப்பைப் போட்டு, இது நம்ம ஊஞ்சல்தானே, எழுதுகிறது யார் என்று நீங்களே கண்டுபிடியுங்கள் என்று எழுதிவிட்டாள். கம்ஷத் கடையில் மதிய டீயோடு செல்பேசியைத் திறந்தபோது நூற்றுக்கும் மேல் செய்திகள். மூன்று வருஷமாக அவள் எழுதியதையெல்லாம் ஆளாளுக்குத் தோண்டி எடுத்துக் குழுவில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டை மாடியில் கம்பளம் தட்டும் குடும்பத்தைப் பற்றி, காதலியோடு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு ஆடாமல் வீணடித்த ஒன்றாம் மாடிப் பையனைப் பற்றி, இரண்டு கருவிகளைப் பற்றி. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இறங்கும் குரலைப் பற்றி அவள் எழுதிய வரி: ‘இந்த யா...வ் எங்கள் கட்டடத் தலைவியின் குரல். குப்பையைத் தொட்டிக்கு வெளியே யாராவது போட்டால் இதே சுருதியில்தான் கூப்பிடுவார்.’ டீ ஆறிப்போனது. காது இரண்டும் எரிந்தன. தொள்ளாயிரம் பேர் முன்னால் எழுதும்போது வராத வெட்கம், நாற்பது வீட்டுக்காரர்கள் படித்ததும் மொத்தமாக வந்து சேர்ந்தது.

கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்தாள். மாடிப்படி வாசலிலேயே குல்பார்ஷின் நின்றிருந்தார். கல்யாணப் பதிவு அலுவலகத்தில் காலமெல்லாம் ‘இனி நீங்கள் கணவன் மனைவி’ என்று அறிவித்து ஓய்வு பெற்றவர். அந்தக் குரலில் ஒரு தடவை சொல்லிவிட்டால் யாரும் பின்வாங்கியதில்லை என்று ஊரில் பேச்சு. கையில் செல்பேசி, மூக்கு நுனியில் கண்ணாடி.

“ஏ கம்ஷத், ஒன்னு மட்டும் சொல்லு. நான் மேல போற சத்தமா, கீழ வர்ற சத்தமா?”

“கீழ வர்ற சத்தம் அக்கா,” என்றாள் கம்ஷத் தரையைப் பார்த்துக்கொண்டு.

“அப்ப சரி. மேல போறது எலி கத்துற மாதிரி இருக்கு.” குல்பார்ஷின் கண்ணாடியைக் கழற்றினார். “கேக்கணும்னு ரெண்டு தடவை போட்டுக் கேட்டேன். என் மூத்தவளுக்கும் அனுப்பினேன். அவ சிரிச்சுட்டு, அம்மா அப்படியே நீதான்னுட்டா. எனக்கு உன் மேல கோவம் இல்லைன்னு நெனைச்சுக்காத. இருக்கு. ஆனா அதை அப்புறம் வச்சுக்கறேன். மொதல்ல சிம்பத்தைப் போய்ப் பாரு. அந்தப் பொண்ணு அழுதுட்டு இருக்கா.”

கம்ஷத் இரண்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ஒரு குழந்தையின் அழுகை, அதன் மேல் இன்னொன்றின் அழுகை. கதவு திறக்கவில்லை. இன்னொரு முறை தட்டக் கையை உயர்த்தியவள், தட்டுகிற சத்தமும் சத்தம்தானே என்று கையை இறக்கிக்கொண்டாள்.

தன் வீட்டில் மக்சுத் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வெளியே நல்ல வெளிச்சம் இருக்கும்போதே வேலையிலிருந்து வந்துவிட்டிருந்தான். ஆலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. எதிரே செல்பேசி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அதைப் பார்த்ததுமே அவன் எதைப் படித்திருப்பான் என்று கம்ஷத்துக்குத் தெரிந்துவிட்டது. கட்டடக் குழுவில் யாரும் எடுத்து ஒட்டாத ஒரு பதிவு இருந்தது. சேனலின் முதல் பதிவு. அது உண்மையில் ஊஞ்சலைப் பற்றியதல்ல. மூன்று வருஷத்துக்கு முன்னால் மக்சுத்தின் தம்பி மீன்பிடிக்கப் போன இடத்தில் உறைந்த ஏரியின் பனி உடைந்து, அங்கேயே மூழ்கிப் போய்ச் சேர்ந்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க மக்சுத் பேசவில்லை. வேலைக்குப் போனான், சாப்பிட்டான், படுத்தான். ஆம், இல்லை என்பதுகூடத் தலையால்தான். வீட்டில் சுவர்க் கடிகாரமும் அவளும் மட்டும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் குப்பை கொட்டுகிற சாக்கில் இறங்கிப் போய் உறைந்த ஊஞ்சலில் உட்கார்ந்தாள். அது ‘ங்கீ’ என்றது. பிறகு ‘யா...வ்’ என்றது. வாரக்கணக்கில் முதல் தடவையாகத் தனக்கு யாரோ பதில் சொன்னதுபோல் இருந்தது. செல்பேசியில் பிடித்த அந்தச் சத்தத்தோடு அதைத்தான் எழுதியிருந்தாள். என் கணவர் பேசுவதில்லை, அதனால் நான் ஊஞ்சலோடு பேசுகிறேன், இங்கே யாருக்காவது புரிகிறதா என்று. அந்த ஆறேழு பேரும் புரிகிறது என்று எழுதியதில்தான் சேனல் உயிர் பிடித்தது.

அவள் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றாள். அவன் கவிழ்த்த செல்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் குளிர்காலம் திரும்பி வந்துவிட்டதோ என்று அவள் நினைத்தாள்.

“தொள்ளாயிரம் பேருக்குத் தெரிஞ்சிருக்கு,” என்றான் கடைசியில். “எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் கையைக் காட்டி நிறுத்தி, அந்த முதல் சத்தம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டான். இருந்தது. அவள் செல்பேசியில் தேடி எடுத்து மேசையில் வைத்தாள். காற்று வீசுகிறது. அவள் மூச்சு கேட்கிறது. ஊஞ்சல் கேள்வி கேட்கிறது, பதில் சொல்கிறது. நடுவே எங்கேயோ மேலே ஒரு ஜன்னல் திறக்கிற சத்தமும் ஓர் இருமலும். கம்ஷத் இதை நூறு தடவையாவது கேட்டிருப்பாள். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்திருந்தாள்.

“அது நான்,” என்றான் மக்சுத். “நீ எறங்கிப் போறப்பல்லாம் ஜன்னல்ல வந்து நிப்பேன். அந்தச் சத்தம் வர்ற வரைக்கும் நீ பத்திரமா இருக்கேன்னு தெரியும். நின்னுடுச்சுன்னா எப்ப கதவு தெறக்குதுன்னு கேட்டுட்டு இருப்பேன். பேசணும்னுதான் நெனைப்பேன். நீ உள்ள வந்ததும் வராது.”

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பதிவை இன்னொரு தடவை கேட்டார்கள். பிறகு அவன், நாளைக்கு வருகிற ஆட்களுக்கு ஆட்டுக்கறி போதுமா, மீனும் வேண்டுமா என்று கேட்டான்.

சனிக்கிழமை காலை மூவரும் ரயிலிலிருந்து இறங்கியதும் கம்ஷத் அவர்களை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டாள். வதீம் அவள் நினைத்ததைவிடக் குள்ளம். தொல்கனாய் நினைத்ததைவிடச் சத்தம். மூன்றாவதாக அஸ்தானாவிலிருந்து வந்த கணக்கு வாத்தியார் ஒருவர், பஞ்சு உறை போட்ட பெரிய ஒலிவாங்கியைக் கைக்குழந்தையைப் போல் மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தொல்கனாய் அவளைக் கட்டிக்கொண்டு, இத்தனை நாள் எழுத்தாகவே இருந்தவளுக்கு மூக்கு, வாயெல்லாம் இருக்கிறதே என்று சிரித்தாள். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று கம்ஷத் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. நேராக முற்றத்துக்குத்தான் போனார்கள். ஊஞ்சலைக் கண்டதும் வதீம் தொப்பியைக் கழற்றினார். வாத்தியார் கீலுக்கு நேராக ஒலிவாங்கியைப் பொருத்துவதற்குள் கட்டடத்தில் பாதிப் பேர் இறங்கி வந்துவிட்டார்கள். திட்ட வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாத கூட்டம். குல்பார்ஷின் வீட்டுச் செருப்போடு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு முன்வரிசையில் நின்றார். கம்ஷத் ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு ஆட்டம் ஆடியிருப்பாள். வதீமின் முகம் பண்டிகைக்காலச் சிறுவனின் முகம் போலாகிவிட்டது. அப்போது வாசல் கதவு திறந்தது. இரட்டைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு சிம்பத் வந்தாள். வண்டியில் ஒன்று வீறிட்டது. வாத்தியார் பழக்கத்தில் உதட்டில் விரல் வைத்தார். கம்ஷத் பாய்ந்து இறங்கி அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

சிம்பத்துக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். கண்ணுக்குக் கீழே நீலம் பாய்ந்திருந்தது. தலைமுடியை எதைக் கொண்டோ எப்படியோ கட்டியிருந்தாள். கூட்டத்தையோ ஒலிவாங்கியையோ பார்க்கவில்லை.

“ரெண்டு கருவின்னு எழுதியிருந்தீங்க அக்கா,” என்றாள். “நானே சில நாள் அப்படித்தான் நெனைக்கறேன். அதான் அழுகை வந்துடுச்சு.”

கம்ஷத் மன்னிப்புக் கேட்டாள். என்னென்ன சொன்னாள் என்று பிற்பாடு அவளுக்கே நினைவில்லை. எழுதும்போது ஒழுங்காக வந்து நிற்கும் வார்த்தைகள் எதுவும் அப்போது வரவில்லை. தள்ளுவண்டியின் பிடியைத் தானே வாங்கிக்கொண்டு, கொஞ்சம் உட்காரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னது ஞாபகம் இருக்கிறது. முற்றத்தில் உட்கார வேறு இடம் இல்லை. சிம்பத் ஊஞ்சலில்தான் உட்கார்ந்தாள். முதலில் சும்மா இருந்தாள். பிறகு காலால் மணலை லேசாகத் தள்ளினாள். பிறகு இன்னும் கொஞ்சம் பலமாக. கட்டியிருந்த முடி அவிழ்ந்தது. ஊஞ்சல் இதுவரை யாருக்கும் எழுப்பாத குரலில் பேச ஆரம்பித்தது. ‘ங்கீ’ இல்லை, அடித்தொண்டையிலிருந்து ஒரு ‘ங்ங்ஓ’. உச்சியில் அந்த மௌனம் முன்பைவிட இரண்டு பங்கு நீளமாக நின்றது. இறங்கும்போது குரல் இரண்டாகப் பிரிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கீழே வந்தது. வாத்தியார் காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டார். தொல்கனாய் கம்ஷத்தின் தோளைக் கிள்ளிய இடம் சிவந்துபோனது. வண்டியில் வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தை வாயைத் திறந்தபடியே நிறுத்திவிட்டு அம்மா வானத்துக்குப் போய்த் திரும்புவதைப் பார்த்தது. சிம்பத் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, அவளாகவே மூச்சு வாங்கி நிறுத்தும் வரை.

வதீம் கண்ணைத் துடைத்தார். இந்த மூன்று வருஷத்தில் இதற்கு இணையாக ஒன்றும் வந்ததில்லை, இனி வரப்போவதும் இல்லை என்று சொன்னார். எல்லோரும் சிம்பத்தைப் பார்த்தார்கள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள் அவள், இறங்கி மணலைத் தட்டிக்கொண்டு. “எண்ணெய் போட்டுடுங்க.”

முதலில் சிரித்தது குல்பார்ஷின்தான். பிறகு கம்ஷத்துக்கும் அடக்க முடியவில்லை. குழாய்க்காரர் வரட்டும் என்று யாரோ சொன்னார்கள். வேண்டாம், நானே போடுகிறேன் என்றாள் கம்ஷத். மக்சுத் உள்ளே போய் ஏணியும், ஆலைக்காரர்கள் வைத்திருக்கும் நீள மூக்கு எண்ணெய்க் குப்பியும் கொண்டு வந்தான். ஏணியை நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கத்துக் கீலில் சத்தம் என்று கேட்டான். இடது பக்கம் கேள்வி, வலது பக்கம் பதில் என்றாள் அவள். அவனுக்குப் புரிந்தது. வாத்தியார் ஒலிவாங்கியை அணைக்கவில்லை. எண்ணெய் இறங்குகிற சத்தத்தையும் பிடிக்க வேண்டும் என்றார். கம்ஷத் மேலே ஏறினாள். இடது கீலில் சொட்டுச் சொட்டாக ஊற்றினாள். வலது கீலில் ஒரே வீச்சில். துருவின் மீது எண்ணெய் கறுப்பாகப் பரவி உள்ளே போய் மறைந்தது. அவள் இறங்கும்வரை மக்சுத் ஏணியை விடவில்லை.

யாராவது ஆடிப் பார்க்க வேண்டுமே என்று தொல்கனாய் கேட்டாள். குல்பார்ஷின் யாரிடமும் கேட்காமல் போய் உட்கார்ந்து, பாவாடையை முழங்காலுக்குக் கீழே இடுக்கிக்கொண்டு, தரையை ஓங்கி உதைத்தார். ஊஞ்சல் போனது. வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. தொல்கனாய் செல்பேசியை உயர்த்திப் பதிவு பொத்தானை அழுத்தினாள். பிறகு வதீம். பிறகு நான்காம் மாடி மாணவி. ஒவ்வொருவராக முற்றத்தில் நின்றவர்கள் எல்லோரும் கையை நீட்டி, சத்தமில்லாத ஊஞ்சலை நோக்கிப் பிடித்தார்கள். குல்பார்ஷின் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாத்தியார் உதட்டில் விரல் வைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக குல்பார்ஷின் வாயை மூடிக்கொண்டு இன்னும் உயரமாகப் போனார். உச்சியில் ஒரு செருப்பு காலிலிருந்து கழன்று, வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றி, மணலில் வந்து விழுந்தது. யாரும் அதை எடுக்கப் போகவில்லை.